டியூப் பழக்கிய மருமகன்

"படம் நிக்குது அத்தான்."

"எந்தப் படம்?"

"கப்பல் படந்தான். கரெண்டு போயிட்டு வந்துது. இப்பம் சுவத்துல மூணு வரி எழுத்து மட்டும் நிக்குது. அசையவே மாட்டேங்குது."

"எழுத்தா? எப்பத்துலேர்ந்து?"

"நான் கீழ மீன் கழுவிட்டு இருந்தேன். மேல வந்து பாத்தா நிக்குது. எப்பத்துலேர்ந்துன்னு அதுகிட்டத்தான் கேக்கணும்."

"ஏட்டி, மொதல்ல ரிமோட்ட எடுத்து அணை."

"அந்தச் சவத்தத்தான் அரை மணிக்கூரா தேடுகேன். கட்டிலுக்கு அடியில பாத்தாச்சு. அப்பாவுக்க பைபிளுக்குப் பின்னால பாத்தாச்சு..."

ஸ்மைலின் போனைக் காதில் இடுக்கிக்கொண்டு சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான். ரிமோட் அங்கேதான் இருந்தது. பத்திரமாக இருக்கட்டும் என்று காலையில் அவனே எடுத்துப் போட்டுக்கொண்டு கடைக்கு வந்திருந்தான்.

"சுபி, ஒரு போர்வைய எடுத்து அந்தப் புரொஜெக்டருக்க மூணு கண்ணையும் மூடு."

"மூடினா?"

"சுவத்துல விழாதுல்லா?"

"கேடு சுவத்துக்கா அத்தான்? வெளிய மூடினா உள்ள எரியது எரிஞ்சுகிட்டுத்தானே இருக்கும்?"

அவள் சொன்னது சரி. அவள் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். கல்யாணமான நாளிலிருந்து அவனுக்கு இருந்த சிரமங்களில் அதுவும் ஒன்று.

குளியலறைக்கு டைல்ஸ் பார்க்க வந்த தம்பதி பச்சையா சந்தன நிறமா என்று ஒரு முடிவுக்கு வந்துகொண்டிருந்தார்கள். "ரெண்டும் நல்லாருக்கும், ரெண்டையும் போடுங்க" என்று சொல்லிவிட்டு ஸ்மைலின் ஸ்கூட்டரை நோக்கி ஓடினான். பின்னால் அந்த அம்மாள், "என்ன, தீப்பிடிச்சிட்டா?" என்று கேட்பது கேட்டது.

மெயின் சுவிட்சை அணைத்தால் போதுமே என்று யாருக்கும் தோன்றும். ஆனால் அதைச் செய்யக் கூடாது என்பதைத்தான் மாமனார் முதல் கட்டளையாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். திடீரென்று கரெண்டை வெட்டினால் வெளிச்சம் ஒரு புள்ளியாகச் சுருங்கி, உள்ளே இருக்கும் டியூபின் நடுவில் சுட்டுவிடுமாம். அதற்காகவே புரொஜெக்டருக்குத் தனியாக ஒரு யூபிஎஸ் வைத்திருந்தார். படம் ஓட்டுகிற டிஸ்க் பிளேயருக்கு வைக்கவில்லை. கரெண்டு போனதும் பிளேயர் செத்துப் பிழைத்தது. பிழைத்து எழுந்தவுடன் அது காட்டிய மூன்று வரிகளை, புரொஜெக்டர் அசராமல் சுவரில் பிடித்துக்கொண்டு நின்றது.

நாகர்கோவிலிலிருந்து ஆசாரிப்பள்ளம் அப்படியொன்றும் தூரமில்லை. ஆனால் அன்றைக்கு வழியெல்லாம் எல்லாமே நின்றது. சிக்னல் நின்றது. பஸ் நின்றது. ரோட்டின் நடுவில் ஒரு மாடு, எதையோ மறந்துவிட்டு யோசிப்பதுபோல நின்றது. அசையாமல் நிற்கிற எதைப் பார்த்தாலும் அவன் ஹாரனை அடித்தான்.

மாடியேறி ரிமோட்டை அழுத்தினான். மூன்று கண்களும் மெல்ல மூடின. உள்ளே விசிறி மட்டும் கொஞ்ச நேரம் பெருமூச்சு விட்டது.

அந்தப் புரொஜெக்டர் கூரையிலிருந்து தொங்கியது. கன்றுக்குட்டி அளவு இருக்கும். முகப்பில் சிவப்புக்கு ஒன்று, பச்சைக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று என மூன்று கண்ணாடிக் கண்கள். மூன்றுக்கும் பின்னால் பழைய டிவியில் இருப்பதுபோல ஒவ்வொரு டியூப். மஸ்கட்டில் ஒரு ஹோட்டலைக் கலைத்தபோது மாமனார் யேசுரத்தினம் அதை எடுத்துக் கப்பலில் ஊருக்கு அனுப்பினார். இப்போதெல்லாம் புரொஜெக்டர்கள் உள்ளங்கையில் அடங்குகின்றன. யாராவது அதைச் சொன்னால் மாமா, "அதுல கருப்பு சாம்பலா தெரியும். இதுல கருப்புன்னா கருப்பு" என்பார். அதற்கு மேல் அந்த வீட்டில் யாரும் பேசியதில்லை.

பல வருட வலைவீச்சுக்குப் பிறகு, எங்கேயோ ஒரு கிடங்கில் பிரிக்காமலே கிடந்த புது டியூப்கள் மூன்று அவருக்குக் கிடைத்தன. மூத்த மகளின் பிரசவத்துக்கு மெல்போர்ன் கிளம்பிக்கொண்டிருந்த நேரம். கோட்டாறு மெக்கானிக் ஷஹீரை அழைத்து மாடியில் உட்காரவைத்தார். தூசி படும் என்று யாரையும் மேலே விடவில்லை. கதவு சாயங்காலம் திறந்தது. ஷஹீர் தலையெல்லாம் தூசியோடு இறங்கிப்போனான். மாமா மருமகனை மேலே கூப்பிட்டார்.

"மருமவனே, புதுக் காளையப் பழக்குத மாதிரி இதப் பழக்கணும். புது டியூபுக்குள்ள பூசியிருக்க மருந்து பச்சையா இருக்கும். ஒரே எடத்துல வெளிச்சம் நின்னா அந்த எடம் மட்டும் தேஞ்சு போவும். பெறவு என்ன படம் போட்டாலும் அந்த வடு தெரியும். அதனால ஓடுத படந்தான் போடணும். நிக்குத படம் ஆவாது. வெளிச்சம் பாதிக்கு மேல போவக் கூடாது. நூறு மணிக்கூரு இப்படி ஓட்டிட்டா, பெறவு பயமில்ல."

"செரி மாமா."

"இத நீ ஒழுங்காச் செய்தா, நான் வந்த பெறவு கடைய நீயே பாத்துக்க. எனக்கும் வயசாச்சுல்லா."

கல்யாணத்தன்று யேசுரத்தினம் அவனை 'நீங்க' என்று அழைத்தார். டைல்ஸ் கடையில் வந்து உட்கார்ந்த முதல் திங்கட்கிழமையிலிருந்து 'நீ'. கடையில் மாமாவுக்கு ஒரு சுழல் நாற்காலி உண்டு. அவர் இல்லாத நாட்களில் அதன்மேல் ஒரு துண்டு விரித்திருக்கும். ஸ்மைலின் பக்கத்தில் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்துதான் இத்தனை வருடமும் வியாபாரம் பார்த்தான். கம்பெனிக்கு ஒரு ஆர்டர் சொல்வதென்றாலும் மாமாவிடம் கேட்க வேண்டும். இந்த மூன்று டியூப்களையும் வடுப்படாமல் பழக்கிவிட்டால் அந்தத் துண்டை எடுத்து மடித்து வைத்துவிடலாம். அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

"வெளிச்சத்தக் கூட்டிப் பாப்பமா?" என்று சுபிதா கேட்டாள்.

"பாதிக்கு மேல போவக் கூடாதுன்னு மாமா சொல்லிருக்கா."

"எழுத்து பதிஞ்சிருக்கான்னு எப்படித் தெரியும்? ஒரு நிமிசந்தான்."

ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, வெறும் வெள்ளையைச் சுவரில் போட்டு, வெளிச்சத்தை முழுதாக ஏற்றினான். இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நடுச்சுவரைப் பார்த்தார்கள். மூன்று வரி எழுத்து இருந்த இடம் சுத்தமாக இருந்தது.

"ஸ்தோத்திரம்" என்றாள் சுபிதா. பிறகு, "அது என்னது?" என்றாள்.

வலது பக்கம் மேல் மூலையில், தேநீர் தம்ளர் வைத்து எடுத்ததுபோல மங்கலாக ஒரு வட்டம்.

இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. சானல் முத்திரை. ஓடுகிற படம்தானே என்று முதல் வாரம் முழுக்க டிவியைத்தான் போட்டிருந்தார்கள். படம் ஓடியது. மூலையில் முத்திரை ஓடவில்லை.

"உங்களுக்க கிரிக்கெட்டு" என்றாள் சுபிதா.

"உனக்க ஜெபச் சானலா இருக்கக் கூடாதா?"

"ஜெபச் சானல்ல முத்திரை இடது பக்கம்."

"அது உனக்கு எப்படி ஓர்மையிருக்கு?"

"நான் ஜெபத்துல கண்ணத் தொறந்து வச்சிருப்பேன்."

முத்திரையே இல்லாமல், எழுத்தே இல்லாமல், நிற்காமல் அசைந்துகொண்டே இருக்கிற ஒன்று வேண்டும். ஸ்மைலின் அன்று இரவு சாப்பாட்டில் மீன் முள்ளை எடுத்துக்கொண்டே யோசித்தான். யோசித்ததும் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவ்வளவு பக்கத்தில் வைத்துக்கொண்டு தேடியிருக்கிறோமே.

மறுநாள் கடைக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு முட்டம் போனான். பாறையின்மேல் முக்காலியை ஊன்றி, செல்போனைப் பொருத்தி, கடலைப் படம்பிடிக்க ஆரம்பித்தான். வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒருவர் வந்து பக்கத்தில் குத்தவைத்தார்.

"என்ன சாரே, கடலப் புடிக்கியளா?"

"ஆமா."

"ஆளு யாரும் நடிக்க வருவாவளா?"

"இல்ல. கடல் மட்டுந்தான்."

"கடல் மட்டும் எதுக்கு? யாரு பாப்பா?"

"பாக்கதுக்கு இல்ல அண்ணாச்சி. ஒண்ணப் பழக்கதுக்கு."

அவர் கடலையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். "நாங்க தலைமுறை தலைமுறையா பழக்குதோம். இன்னும் பழகல" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அந்தக் கடல் மாடியில் நாள்தோறும் ஓடியது. சுவர் முழுக்க நீர். பாதி வெளிச்சத்தில், சாயங்காலமா விடியற்காலமா என்று தெரியாத ஒரு கடல். அலை ஒவ்வொன்றும் வேறாக இருந்தது. எதுவும் திரும்ப வரவில்லை. கடைவிட்டு வந்து ஸ்மைலின் தரையில் பாய் விரித்து உட்காருவான். சுபிதாவும் வேலை முடிந்து வந்து உட்காருவாள். இன்னும் கொஞ்ச நேரம் விட்டால் இந்த நீர் மாடிப்படி வழியாக இறங்கி, ஹாலில் மாமாவின் ஷூக்களை மிதக்கவிட்டு, கதவுக்கு வெளியே போய்விடும் என்று அவனுக்குத் தோன்றும். அப்படிப் போனால் நன்றாக இருக்கும் என்றும் தோன்றும்.

"கடையத் தந்தா என்ன செய்விய?" என்று ஒருநாள் அவள் கேட்டாள்.

"மொதல்ல அந்த நாற்காலிய வித்துட்டு வேற வாங்குவேன்."

அவள் சிரித்தாள். அந்த வீட்டில் அவள் அப்படிச் சிரித்து அவன் பார்த்தது குறைவு.

மாமா வீடியோவில் கூப்பிடுவார். "ஓடுதா?"

"ஓடுது மாமா."

"வெளிச்சத்தக் கூட்டலியே?"

"இல்ல மாமா."

"கூட்டாத."

அந்த வார முடிவில் கூட்டிப் பார்த்தான். மூலையில் வட்டம் அப்படியே இருந்தது. அது போதாதென்று சுவரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, அடிப்பக்கம், ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல ஒரு கருத்த கோடு. முதல் தடவை நடுச்சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், பிறகு மூலையை. கீழே யாரும் பார்க்கவில்லை.

ஸ்மைலின் பாயில் உட்கார்ந்துவிட்டான். அலை அசைந்தது. நுரை அசைந்தது. மேகம்கூட மெதுவாக அசைந்தது. நாள்கணக்கில் ஒன்று மட்டும் அசையவே இல்லை.

"அடிவானம்" என்றான். "சுபி, அடிவானம் பதிஞ்சிட்டு."

சுபிதா சுவருக்குப் பக்கத்தில் போய்க் கோட்டைத் தொட்டுப் பார்த்தாள். "நீங்க அடிவானத்த நடுவுலல்லா வச்சு எடுத்திய? கோடு இவ்வளவு கீழ கெடக்கு?"

"கண்ணாடி வழியா வரும்போது எறங்கியிருக்கும்."

"கண்ணாடி வழியா வந்தா எறங்குமா?"

"எறங்கும்ட்டி. எனக்கு எறங்கியிருக்கு. இனி எதுதான் எறங்காது?"

அவன் ஷஹீருக்குப் போன் போட்டான்.

"ஷஹீரே, டியூபு போச்சு."

"போச்சா? எப்படிப் போவும்? எரியலியா?"

"எரியுது. வடுப் பட்டுட்டு. மூலையில ஒண்ணு, அடியில ஒண்ணு."

"வெளிச்சத்த எதுக்கு அண்ணே கூட்டுனிய? கூட்டண்டாம்னு சொல்லித்தானே தந்துது?"

"கூட்டாட்டா எப்படித் தெரியும்?"

"அதான் அண்ணே சொல்லுகேன். கூட்டாட்டா தெரியாதுல்லா. நீங்க பாட்டுக்கு ஓட்டிட்டுப் போங்க. நான் கொளச்சல்ல ஒரு வீட்டுல ஏணிமேல நிக்கேன். பெறவு கூப்பிடுகேன்."

கூப்பிடவில்லை.

இன்டர்நெட்டில் ஒரு வெள்ளைக்காரர் வழி சொல்லியிருந்தார். வடுப் பட்ட இடத்தைக் கருப்பால் மறைத்துவிட்டு, மற்ற இடத்தையெல்லாம் முழு வெளிச்சத்தில் எரிக்க வேண்டும். எரிய எரிய மற்ற இடமும் தேய்ந்து, வடுவின் நிறத்துக்கு வந்து சேரும். பிறகு வடு என்று தனியாக ஒன்று இருக்காது.

"வெள்ளச் சட்டையில ஒரு எடத்துல கறை பட்டா, சட்டை முழுக்கக் கறையாக்கணும். அப்படியா?" என்றாள் சுபிதா.

"இது அறிவியல்."

"எனக்க சட்டை இல்ல, எனக்கென்ன."

சனிக்கிழமை காலையிலேயே ஆரம்பித்தான். வட்டத்தையும் கோட்டையும் கம்ப்யூட்டரில் கருப்பாக வரைந்து, மற்றதை வெள்ளையாக விட்டு, வெளிச்சத்தை முழுதாக ஏற்றி ஓடவிட்டான். மாடி அடுப்பாகிவிட்டது. பல்லிகூடச் சுவரைவிட்டு இறங்கிப்போனது. சாயங்காலம் கருப்பை எடுத்துவிட்டுப் பார்த்தான். சுவர் முழுக்க மஞ்சள்காமாலை வந்ததுபோல ஒரு சோகை. வட்டமும் கோடும் போகவில்லை. மாறாக, சுற்றிலும் மங்கிப்போனதால் அவை இரண்டும் இப்போது பளிச்சென்று தெரிந்தன. மூலையில் ஒரு நிலா. அடியில் ஒரு வெள்ளி ரேகை. கடல் இல்லாமலேயே ஒரு கடற்கரை வந்துவிட்டது.

"அத்தான்" என்றாள் சுபிதா வாசலில் நின்றபடி. "கோவப்படாதீங்க. நான் தேவகனி சித்திகிட்ட ஜெபத்துக்குச் சொல்லிருக்கேன்."

"என்னத்தச் சொன்ன?"

"ஒண்ணும் விரிவாச் சொல்லல. வீட்டுல ஒரு காரியம் கெட்டுப்போச்சு, செரியாவணும்னு மட்டும்."

தேவகனி மாமாவின் தம்பி மனைவி. பக்கத்துத் தெரு. ஒரு காரியத்துக்காக ஜெபிப்பதென்றால் அந்தக் காரியத்தை நேரில் பார்த்துவிட்டு ஜெபிப்பதுதான் அவள் வழக்கம். விளக்கு வைக்கும் நேரத்துக்குள், பெண்கள் சங்கத்திலிருந்து மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு மாடிக்கே வந்துவிட்டாள். நான்கு பேரும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு புரொஜெக்டருக்குக் கீழே முழங்காலிட்டார்கள். ஸ்மைலினும் முழங்காலிட வேண்டியிருந்தது.

"சிவப்பையும் பச்சையையும் நீலத்தையும் உண்டாக்கின ஆண்டவரே" என்று தேவகனி ஆரம்பித்தாள். "எங்க மூத்த அத்தான் அருமையா வாங்கின இந்த மூணு டியூப்களையும் உம்முடைய பாதத்துல வைக்கோம். கவனக்குறைவினால் பட்ட காயங்களை நீர் தொட்டுக் குணமாக்கும். உமது பிள்ளை ஸ்மைலினுக்குப் பொறுப்பைத் தாரும். புத்தியைத் தாரும்."

"ஆமென்" என்றார்கள் மற்ற மூன்று பேரும், புத்திக்குக் கொஞ்சம் அழுத்தமாக.

படியிறங்கும்போது ஸ்மைலின் தேவகனியைத் தனியாக நிறுத்தினான். "அத்தே, மாமாவுக்குத் தெரியண்டாம். நானே பைய சொல்லுகேன்."

"நான் எதுக்கு மக்கா சொல்லப்போறேன்? எனக்கு நாக்கு நீளமா?"

அவள் சொல்லவில்லைதான். சபைக் குருவானவரிடம் ஜெப விண்ணப்பமாக மட்டும் கொடுத்தாள்.

ஞாயிறு ஆராதனையில் விண்ணப்பங்கள் வாசிக்கப்பட்டன. சுகவீனமாயிருப்போர், வெளிநாடு செல்வோர், தேர்வு எழுதுவோர். எல்லாருக்கும் பிறகு, "சகோதரர் ஸ்மைலினிடம் ஒப்படைக்கப்பட்ட பொருட்களில் ஏற்பட்ட சேதம் நிவர்த்தியாக" என்று குருவானவர் கம்பீரமாக வாசித்தார். ஆலயத்தில் தலைகள் திரும்பின. தலைகள் திரும்பியது ஸ்மைலினுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. பலிபீடத்துக்கு வலப்பக்கம் முக்காலியில் நின்ற காமிராவைத்தான் அவன் பார்த்தான். ஆராதனை யூடியூபில் நேரடியாகப் போகிறது. மெல்போர்னில் இருந்துகொண்டு அதை ஒரு வாரமும் தவறவிடாதவர் ஒருவர் உண்டு.

ஆசீர்வாதம் சொல்லி முடிப்பதற்குள் பையில் போன் துடித்தது.

"காட்டு" என்றார் யேசுரத்தினம், வீட்டுக்கு வந்து வீடியோவைப் போட்டதும்.

ஸ்மைலின் வெள்ளையைச் சுவரில் போட்டு, போனைத் திருப்பிப் பிடித்தான். போன் ஆடியதில் சுவரும் ஆடியது.

"அசைக்காத. மேல் மூலையில என்னது?"

"கிரிக்கெட்டு மாமா. சானல் முத்திரை."

"ம்." திரையில் மாமாவின் முகம் பக்கத்தில் வந்தது. "அடியில ஒரு கோடு தெரியுதே?"

"அது... அடிவானம் மாமா."

"என்னது?"

"கடல ஓட்டினேன். முட்டத்துல எடுத்தது. கடல் நிக்காதேன்னு நெனச்சேன். அடிவானத்த நெனச்சுப் பாக்கல."

யேசுரத்தினம் வாயைக் கையால் மூடிக்கொண்டார். அவர் தோள்கள் லேசாகக் குலுங்கின. கோபத்தினால் என்று ஸ்மைலின் எடுத்துக்கொண்டான்.

"எல்லாம் எனக்க தப்பு மாமா. சுபிக்கு ஒண்ணும் தெரியாது. மன்னிக்கணும்."

"மன்னிக்கதுக்கு என்ன இருக்கு மருமவனே. மூணு டியூபப் பழக்கத் தெரியல. கடையில எத்தன பேரு, எத்தன கம்பெனி. அதெல்லாம் உன்னால பழக்க முடியுமா? நீயே சொல்லு."

பதிலுக்குக் காத்திருக்காமல் மாமா போனை வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை கடைக்குப் போனபோது சுழல் நாற்காலியின் துண்டு மடித்து வைக்கப்பட்டிருந்தது. நாற்காலியில் தேவகனியின் மகன் டெனிஷ் இருந்தான். இடமும் வலமும் கொஞ்சம் சுழன்று பார்த்துக்கொண்டிருந்தவன், ஸ்மைலினைக் கண்டதும் காலை ஊன்றி நிறுத்தினான்.

"அத்தான், தப்பா நெனைக்காதீங்க. பெரியப்பா சொன்னாவ. எனக்கு இதுல இஷ்டமே இல்ல."

"நாற்காலி வசதியா இருக்கா?"

"முதுகுக்குக் கொஞ்சம் தாழ்வா இருக்கு."

"சைடுல ஒரு பிடி உண்டு. தூக்கினா ஏறும்."

டெனிஷ் பிடியைத் தூக்கினான். நாற்காலி ஏறியது. ஸ்மைலினுக்குக் கிடங்கில் வேலை என்று சொன்னார்கள். லாரியில் உடைந்து வந்த டைல்ஸைத் தனியாக அடுக்க வேண்டும். அந்த வேலைக்கு ஸ்டூல் தேவைப்படவில்லை.

அன்று சோறு போடும்போது சுபிதா கேட்டாள். "எல்லாம் எனக்க தப்புன்னு அப்பாகிட்ட எதுக்குச் சொன்னிய? கிரிக்கெட்டு நம்ம ரெண்டு பேருந்தானே இருந்து பாத்தோம்?"

"ஒருத்தன் மேல போட்டா மத்தவங்க தப்பிக்கலாம்லா."

"தப்பிச்சு எங்க போனோம்? அதே வீட்டுலதான் இருக்கோம்." குழம்பை ஊற்றிவிட்டு, "ஒரு வாடகை வீடு பாருங்க அத்தான்" என்றாள். "சின்னதாப் போரும்."

"மாமா வரட்டும். இந்த நெலையில விட்டுட்டுப் போனா, கெடுத்துட்டு ஓடிட்டான்னு ஆவும். ஒருநா இல்லன்னா ஒருநா அவரே மனசு மாறி..."

சுபிதா அவனைப் பார்த்தாள். மாடிச்சுவரில் அவள் தொட்டுப் பார்த்த கோட்டைப் பார்த்ததுபோலவே பார்த்தாள். பிறகு கைகழுவப் போனாள்.

குழந்தை பிறந்தது. பெயர் வைத்தாயிற்று. மாமா திரும்பி வருகிற செய்தியும் வந்தது. அதற்கு முந்தைய புதன்கிழமை மத்தியானம் ஷஹீர் வாசலில் வந்து நின்றான். தோளில் கருவிப் பை. பின்னால் ஆட்டோவில் மூன்று அட்டைப்பெட்டிகள்.

"முதலாளி வாறதுக்குள்ள மாட்டச் சொன்னாவ" என்றான் ஸ்மைலினின் முகத்தைப் பார்க்காமல்.

ஒவ்வொரு பெட்டியாக இரண்டு பேரும் மேலே ஏற்றினார்கள். ஷஹீர் ஏணியில் ஏறி, புரொஜெக்டரின் மூடியைக் கழற்ற ஆரம்பித்தான். ஸ்மைலின் பெட்டிகளைப் பார்த்தபடி நின்றான். நாடா பிரிக்காமல், முனை மடங்காமல், பிறந்த குழந்தையைப்போல இருந்தன. இவ்வளவு கெடுத்த பிறகும் மாமா வாயைத் திறந்து ஒரு வார்த்தை திட்டவில்லை. தேடிப் பிடித்து இன்னொரு தடவை வரவழைத்திருக்கிறார். அவரைப்பற்றித் தான் நினைத்ததெல்லாம் தப்போ என்று முதல்முறையாகத் தோன்றியது.

"பாவம் மாமா" என்றான். "என்னால மறுபடியும் ஒரு செட்டு தேடி வாங்க வேண்டியதாப் போச்சு."

ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டிருந்த ஷஹீரின் கை நின்றது.

"மறுபடியுமா? வந்தது இந்த ஒரு செட்டுதானே அண்ணே, வந்த நாள்லேர்ந்து எங்க வீட்டு அலமாரிக்கு மேல இருக்கு. இதுல கெடந்தது முதலாளிக்க பழசுதான், மூலையில உள்ளது அவிய வருசக்கணக்கா செய்தி பாத்த சானலு, அடியில உள்ளது அதுல எழுத்து ஓடுத பட்டை. 'மருமவன் மொதல்ல பழசுல பழகட்டும், புதுச அவன் கையில குடுக்கண்டாம்'னு சொன்னாவ. இதுக்குள்ள முதலாளியே உங்ககிட்ட சொல்லிருப்பாவன்னுல்லா நான் நெனச்சேன்? செரி, அது கெடக்கட்டும் அண்ணே, டெனிஷுக்குக் கடையில நேரமில்லியாம், இந்தப் புதுசுக்கு இனி நூறு மணிக்கூரு நீங்க இருந்து ஓட்டித் தருவியளான்னு முதலாளி கேக்கச் சொன்னாவ."